தலைவருக்கு ஒரு கோப்பைக்காவலர்

மனமகிழ் மன்றத்தின் தலைவருக்குப் பெயர் மாற்றுகிற வியாதி இருந்தது. மனிதர்களை விட்டுவிடுவார், மன்றத்தில் கண்ணில் படுகிற மற்ற எதையும் விட மாட்டார். அவர் பதவிக்கு வந்த புதிதில் சீட்டாடுகிற அறை ‘சிந்தனைக் கூடம்’ ஆனது. கேரம் போர்டு கிடக்கும் பின்பக்கத் தாழ்வாரம் ‘மேற்கு அரங்கம்’ ஆனது. அது கிழக்கே அல்லவா இருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் மேற்குதான் என்று தீர்ப்பு வந்தது. கழிப்பறைக்குக்கூட அழகாக ஒரு பலகை எழுதி மாட்டினார்கள். அதிலிருந்த சொல்லை வாசித்துப் பொருள் விளங்குவதற்குள் ஆட்களுக்கு அவசரம் முற்றிவிட்டதால், பிற்பாடு கீழே ஓர் அம்புக்குறியும் போடவேண்டி வந்தது.

ஓய்வு பெறுவதற்கு முன்பு அவர் குடிநீர் வாரியத்தில் தலைமைப் பொறியாளர். ஊருக்கே தண்ணீர் கொடுத்தவர் என்றுதான் மேடையில் அறிமுகம் செய்வார்கள். துணைத்தலைவரான பல் டாக்டர் மட்டும் அதையே “ஊருக்கே தண்ணி காட்டினவர்” என்று தணிந்த குரலில் திருத்துவார்.

உத்தியோகம் போனபிறகு தலைவருக்கு மிஞ்சியது இந்தப் பதவி ஒன்றுதான். வீட்டில் அவர் எந்த மூலையில் இருந்தாலும் மனைவி வந்து, “கொஞ்சம் காலைத் தூக்குங்க, கூட்டணும்” என்பாள். மன்றத்தில் அவர் உள்ளே நுழைந்தால் நாலு பேராவது எழுந்திருப்பதுபோல் அசைவார்கள். அந்த அசைவுக்காகத்தான் அவர் மாலையானால் சட்டை மாற்றினார். வருஷா வருஷம் தேர்தல் வரும். “வேற யாராவது நிக்கிறீங்களா?” என்று அவரே கேட்பார். யாரும் நிற்க மாட்டார்கள். கைதட்டலையும் அவரே ஆரம்பித்து வைப்பார்.

இந்த வருஷம் அப்படி முடியாது என்று அவருக்குள் ஒரு நமைச்சல். பல் டாக்டர் சமீபகாலமாக எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். பல் டாக்டர் பல்லைக் காட்டுவதைத் தொழில் விளம்பரம் என்று விட்டுவிடலாம். ஆனால் இன்னோர் உறுப்பினரான மரக்கடைக்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டு ஏன் சிரிக்க வேண்டும்? தலைவர் கிட்டே போனதும் இரண்டு பேரும் ஏன் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டும்? வெளியே மழையும் இல்லை.

யார் யாரோடு உட்கார்ந்து என்ன பேசுகிறார்கள் என்று முழுசாகத் தெரிந்த ஆள் மன்றத்தில் ஒருவன்தான் இருந்தான். மேஜை மேஜையாகப் போய் மது பரிமாறும் ஐஸ். க்ளாஸில் சரக்கைவிட ஐஸ் அதிகம் போடுவதால் உறுப்பினர்கள் வைத்த பெயர் அது. நடுவயது, ஒல்லி உடம்பு, செருப்புச் சத்தம் கேட்காத நடை. இவனைக் கைக்குள் போட்டுக்கொண்டால் பாதித் தேர்தல் முடிந்த மாதிரி என்று தலைவர் நினைத்தார். சம்பளத்தைக் கூட்டினால் செயற்குழு கேள்வி கேட்கும். பட்டம் கொடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். வாரியத்தில் அவர் காலமெல்லாம் கடைப்பிடித்த நிர்வாக முறையும் அதுதான்.

“வெயிட்டர்னு கூப்பிடறது நம்ம மன்றத்துக்கு அழகு இல்லை” என்று அடுத்த செயற்குழுவில் ஆரம்பித்தார். “சப்ளையர்னு சொன்னா பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வருது. ப்ரொபசர், கௌரவமா ஒரு சொல் சொல்லுங்க.”

செயற்குழு உறுப்பினரான பேராசிரியர் அன்று மத்தியானமே அகராதிகளைப் புரட்டிவிட்டு வந்திருந்தார். இருந்தாலும் அப்போதுதான் ஞானம் இறங்குகிற மாதிரி கண்ணை மூடித் திறந்தார்.

“பானம் பரிமாறுநர்?”

“சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாக்கு வறண்டுடும்” என்றார் பல் டாக்டர்.

“ஊற்றுநர்?”

“மோட்டார் பம்பு மாதிரி இருக்கு.”

“மதுவாளர்?”

“அது நாமதான். அவனைச் சொல்லுங்க.”

பேராசிரியர் பொறுமையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மொதல்ல இந்த வெயிட்டரைத் தூக்கணும் தலைவரே. காத்துக்கிட்டு நிக்கிறவன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். அந்த வார்த்தையோட பழைய வேர் என்ன தெரியுமா? காவல் பார்க்கிறது. இன்னும் பின்னாடி போனா, பகை மனசோட பதுங்கி நோட்டம் விடறது.”

தலைவர் கவுன்டர் பக்கம் திரும்பினார். ஐஸ் ஒரு கண்ணாடி க்ளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் வழியாக இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அழுக்குப் போயிற்றா என்று பார்க்கிற பார்வையாகவும் இருக்கலாம். கண்ணாடிக்குள் அவனுடைய ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“பட்லர்னு ஒண்ணு இருக்கே?” என்றார் மரக்கடைக்காரர்.

“பாட்டில்லேருந்து வந்தது. பாட்டில் யார் பொறுப்புல இருக்கோ அவன் பட்லர்.”

“அப்போ நம்ம டாக்டர்தான் பட்லர். அவர் கையிலேருந்து பாட்டிலைப் பிடுங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது.”

“‘பார்’ங்கிற சொல்லே எப்படி வந்துச்சுங்கறீங்க? குறுக்குக் கட்டை. குடிக்கிறவன் தாவி இந்தப் பக்கம் வந்துடக்கூடாதுன்னு நடுவுல வச்ச தடுப்பு” என்று பேராசிரியர் மேஜையைத் தட்டினார். “ஆனா ஒரே ஒரு பதவி இருந்துச்சு. ராஜாவோட சபையில. ராஜாவுக்குக் கோப்பை ஏந்தறவர். மந்திரிங்க எல்லாம் தள்ளி நிக்கணும், இவர் மட்டும் ராஜா கைக்குப் பக்கத்துல. ஏன்? ராஜா குடிக்கிறதை மொதல்ல இவர் குடிச்சுக் காட்டணும். விஷம் இருந்தா இவரோட போயிடும். ராஜாவுக்கு உசிரு, இவருக்கு மரியாதை.”

“ஊத்திக் குடுக்கிறவன் மேல அவ்வளவு சந்தேகமா?” என்றார் மரக்கடைக்காரர்.

“சந்தேகப்பட்டாத்தானே பதவி! கோப்பைக்காவலர்னு வைக்கலாம்.”

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விஷம் வைத்துக் கொல்லத் தகுந்த ஆளாகத் தன்னை அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்துப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. சாதாரண ஆளுக்கு யார் விஷம் வைப்பார்கள்? ஒரு நிலைக்கு வந்தவனுக்குத்தானே வைப்பார்கள்?

“பேர் மட்டும் வச்சா இன்னொரு பலகை மாதிரி ஆயிடும்” என்றார் தலைவர். “அந்த வழக்கத்தையும் சேர்த்தே கொண்டுவந்துடுவோம். தலைவர்ங்கிற பதவிக்காகத்தான் சொல்றேன். எனக்காக இல்லை.”

ஐஸுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை செய்தார்கள். சொல் நீளம் என்பதால் வில்லை பையில் ஆரம்பித்து அக்குள் வரைக்கும் போனது. கையை மடக்கினால் குத்தியது. “நீங்க என்ன பேர் வேணா வைங்க சார். கூப்பிடறப்போ மட்டும் ஐஸ்னே கூப்பிடுங்க, இல்லேன்னா எனக்குத் திரும்பத் தோணாது” என்றான் அவன்.

சடங்கு மறுநாளே ஆரம்பமானது. தலைவருக்கென்று ஒரு தனி பாட்டில் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்புகிற உயர்ந்த சரக்கு. தீரத் தீர அடுத்தது எப்படி வருகிறது என்று அவர் கேட்டதில்லை. உயர்ந்தவை தாமாக வந்து சேரும் என்பது அவர் எண்ணம். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது, அவரும் வேறு சரக்கைத் தொட மாட்டார். ஐஸ் அதிலிருந்து க்ளாஸில் ஊற்றினான். பேரனுக்குச் சோறு ஊட்ட வாங்கிய குட்டி வெள்ளிக் கிண்ணத்தைத் தலைவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு மடக்கு எடுத்து, எல்லோரும் பார்க்க, ஐஸ் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் குடித்தான். பிறகு க்ளாஸை இரண்டு கையாலும் நீட்டினான். தலைவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். ராஜாக்கள் எதற்காக உயிரைப் பணயம் வைத்துப் பதவியில் இருந்தார்கள் என்று அன்றைக்கு அவருக்குப் புரிந்தது.

இரண்டு க்ளாஸ் உள்ளே போனதும் தலைவர் வேறு ஆள். இது மன்றம் முழுக்கத் தெரிந்த விஷயம். முகம் சிவக்கும், குரல் ஏறும், மனசில் உள்ளதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். யாருடைய மகன் ஏன் பரீட்சையில் தேறவில்லை, யார் எதை விற்றுக் கடனை அடைத்தார், யாருடைய தலைமுடி யாருடையது என்று வரிசையாக வரும். போன வருஷம் மரக்கடைக்காரரின் மகள் கல்யாண வரவேற்புக்கு மன்றத்திலிருந்து நேரே போய், மேடைக்கு ஏறி, “பொண்ணு அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கு. மாப்பிள்ளைக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணீங்களா?” என்று மைக்கிலேயே கேட்டார். மறுநாள் காலையில், “நேத்து ஏதாவது உளறிட்டேனா?” என்று ஒரு சிரிப்பு. “அதெல்லாம் ஒண்ணுமில்ல தலைவரே” என்று அவர்களும் சிரிப்பார்கள். மனுஷன் தங்கம், உள்ளே போனால்தான் அப்படி என்று சொல்லிச் சொல்லியே அவரை இத்தனை வருஷம் சுமந்தார்கள்.

சடங்கு சூடு பிடித்திருந்த ஒரு காலையில் தலைவர் மாடி ஜன்னலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். கீழே பின்வாசல் கேட்டில் ஐஸ் நின்றிருந்தான். மனைவி உள்ளிருந்து வந்து ஒரு துணிப்பையை அவன் கையில் கொடுத்தாள். பை கனமாகத் தொங்கியது. அவள் ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். தலைவர் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கினார். ஒதுங்கிய வேகத்தில் பற்பசை நுரையை விழுங்கிவிட்டார்.

காபி கொண்டுவந்தபோது சாதாரணமாகக் கேட்டார். “பின்னாடி யாரோ வந்த மாதிரி இருந்துச்சே?”

“நம்ம ஐஸ்தான். பழைய பேப்பர் கேட்டு வந்தான்.”

மாலையில் மன்றத்தில் அவனிடம் கேட்டார். “காலையில வீட்டுப் பக்கம் வந்தியாமே?”

ஐஸ் ஒரு நொடி யோசித்தான். அந்த ஒரு நொடியைத் தலைவர் பத்திரமாக மனசில் எடுத்து வைத்துக்கொண்டார். “ஆமா சார். அம்மா பழைய துணி குடுத்தாங்க, பசங்களுக்கு.”

பேப்பரா, துணியா? பேப்பரும் துணியும் அப்படியா கனக்கும்? பகை மனசோட பதுங்கி நோட்டம் விடறது என்று பேராசிரியரின் குரல் காதுக்குள் கேட்டது. கௌரவத்துக்காக உட்காரவைத்த சந்தேகம் அன்றிரவு முதல் அவரோடு படுத்துக்கொண்டது. டாக்டர் இவளையுமா வளைத்துவிட்டார்? இவள் போன மாதம் பல் கட்டிக்கொள்ள டாக்டரிடம் நாலைந்து தடவை போய்வந்தாளே? ஒரு பல்லுக்கு எதற்கு அத்தனை தடவை?

மறுநாள் காபியை மோந்து பார்த்தார். தம்ளரை மெல்ல அவள் பக்கம் தள்ளி, “சர்க்கரை சரியா இருக்கா பாரு” என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மன்றத்துல ஆடற கூத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாச்சா? உங்களுக்கு விஷம் வேற வைக்கணுமாக்கும்! பாலுக்குத்தான் கேடு” என்று சொல்லி, ஒரே மூச்சில் அந்தக் காபியைத் தானே குடித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

அதன்பிறகு ஐஸ் குடித்துக் காட்டும்போது தலைவர் அவன் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தொண்டையைப் பார்த்தார். குமிழ் ஏறி இறங்கியதா? விழுங்கினானா, கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்த் துப்புகிறானா? ஒருநாள், “வாயைத் திற” என்றார். ஐஸ் பிள்ளை மாதிரி ஆவென்று திறந்தான். பல் டாக்டர் தொழில் பழக்கத்தில் எட்டிப் பார்த்து, “கடைவாய்ல ஒண்ணு சொத்தை” என்றார்.

இதற்குள் வேறொரு தொல்லை முளைத்தது. தலைவருடையதை மட்டும் ஒருவன் குடித்துப் பார்க்கிறான் என்றால் மற்றவர்கள் எல்லாம் சாகலாமா? அல்லது மற்றவர்களைக் கொல்ல யாருக்கும் அக்கறை இல்லை என்று அர்த்தமா? இரண்டாவது கேள்விதான் உறுப்பினர்களை அதிகம் உறுத்தியது. ஒரு மாலையில் பல் டாக்டர் தன் க்ளாஸை ஐஸிடம் நீட்டினார். “கோப்பைக்காவலரே, நானும் துணைத்தலைவர்தான். ஒரு மடக்கு பாரு.” பின்னாலேயே மரக்கடைக்காரர் நீட்டினார். அப்புறம் இன்னும் மூன்று க்ளாஸ் வரிசையில் வந்தது.

ஐஸ் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். “மன்னிச்சுக்குங்க சார். என் வீட்டுக்காரிக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தேன். ஒரு சொட்டு நாக்குல படக்கூடாது.”

“தலைவரோடது மட்டும் படலாமா?”

ஐஸ், யாரோ சோடா கேட்ட மாதிரி பாவனை செய்துகொண்டு நகர்ந்துவிட்டான். பல் டாக்டர் அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதல் உறுப்பினர்கள் தங்கள் க்ளாஸ்களை மோந்து பார்த்துக் குடிக்க ஆரம்பித்தார்கள். கழிப்பறைக்குப் போகிறவர்கள் க்ளாஸைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். மனமகிழ் மன்றத்தில் மனம் மகிழ்ந்த ஆள் என்று ஒருவரும் மிச்சமில்லை.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடியது. அன்று காலையிலேயே பாரைத் திறப்பது மன்றத்து மரபு. குடிக்காமல் ஆண்டறிக்கையைக் கேட்க முடியாது என்பதால் வந்தது. சிந்தனைக் கூடம் நிரம்பியிருந்தது. தலைவர் தன் சாதனைகளைப் படித்தார். பலகைகள் ஏழு. வில்லை ஒன்று. முடித்துவிட்டு உட்கார்ந்ததும் ஐஸ் தனி பாட்டிலிலிருந்து ஊற்றி, வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தான்.

பல் டாக்டர் எழுந்தார். “தலைவரே, தேர்தலுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம்.”

“சொல்லுங்க டாக்டர்.”

“இவன் குடிக்க மாட்டான். பொண்டாட்டிக்கு சத்தியம். நாம எல்லாரும் நம்ம காதாலயே கேட்டாச்சு. அப்படிப்பட்டவன் உங்க க்ளாஸை மட்டும் எப்படி தினமும் குடிக்கிறான்?”

“விசுவாசம்” என்றார் தலைவர். “எனக்காக சத்தியத்தையே மீறறான்.”

“ஒருநாள் மீறினா விசுவாசம். தினமும் மீறினா அந்தப் பாட்டில்ல என்னமோ இருக்கு. அது என்னன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியுமா?”

தலைவருக்குக் கனமாகத் தொங்கிய துணிப்பை ஞாபகம் வந்தது. தினம் ஒரு மடக்காகக் குடித்து இவன் உடம்பை விஷத்துக்குப் பழக்கி வைத்திருந்தால்? அப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி அவர் எங்கோ படித்திருக்கிறார். டாக்டர் இதைக் கேட்பதே தன்மேல் பழி வராமல் இருக்கவோ? மின்னல் மாதிரி ஒரு யோசனை வந்தது. தன்னுடைய புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு கையை உயர்த்தினார்.

“ஐஸ், இன்னைக்கு நீ குடிக்க வேணாம். டாக்டருக்குச் சந்தேகம்னா டாக்டரே குடிச்சுப் பார்க்கட்டும்.”

“ஐயையோ, வேணாம் சார்” என்றான் ஐஸ். வாய் தவறி வந்த அந்த ‘ஐயையோ’வில் கூடமே திரும்பி அவனைப் பார்த்தது.

க்ளாஸ் பல் டாக்டர் கைக்குப் போனது. அவர் அதை மோந்து பார்த்தார். “காலையில ஒரு மாத்திரை போட்டிருக்கேன். அதோட இது சேராது” என்று மரக்கடைக்காரரிடம் தள்ளினார். மரக்கடைக்காரருக்கு ராத்திரியிலிருந்து வயிறு சரியில்லை. அவருக்கு அடுத்தவர் வண்டி ஓட்ட வேண்டும். அதற்கும் அடுத்தவர் காலையிலேயே மூன்று க்ளாஸ் முடித்திருந்தார். ஆனாலும் பகலில் குடிக்கும் வழக்கமில்லை என்றார். இப்படியே ஒரு வரிசை முழுக்கக் கைமாறி, க்ளாஸ் கடைசியில் பேராசிரியரிடம் வந்து நின்றது. இலவசமாக வந்த எதையும் திருப்பி அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதும் அவருக்குப் பிடித்திருந்தது. ஒரே இழுப்பாகப் பாதியைக் குடித்தார்.

எல்லோரும் நாற்காலியின் நுனிக்கு வந்து அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“ப்ரொபசர்?” என்றார் தலைவர். “எப்படி இருக்கு உங்களுக்கு?”

பேராசிரியர் நாக்கைச் சப்புக்கொட்டினார். “டீ” என்றார்.

“என்னது?”

“பால் விடாத டீ. ஆறிப்போச்சு. ஆரஞ்சுத் தோல் போட்டுக் கொதிக்க வச்சிருக்காங்க, கசப்பு அதான். ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கலாம்.”

தலைவர் இறங்கி வந்து க்ளாஸைப் பிடுங்கி மிச்சத்தைக் குடித்தார். ஒவ்வொரு மாலையும் கண்ணை மூடி ரசித்த அதே ருசிதான். ஆனால் இப்போது அது டீயாக இருந்தது. டீயைத் தவிர வேறெதுவாகவும் இல்லை.

“அம்மாதான் சார்…” என்றான் ஐஸ். “ஆஸ்பத்திரி டாக்டர் உங்க ஈரலைப் பத்திச் சொன்னதுலேருந்து அவங்கதான் காய்ச்சி, காலி பாட்டில்ல ஊத்திக் குடுத்து விடறாங்க. டீதானே, சத்தியத்துக்கும் பங்கம் இல்லைன்னுதான் நானும்…”

முதல் சிரிப்பு பின்வரிசையில் கிளம்பியது. அப்புறம் கூடமே குலுங்கியது. பல் டாக்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தலைவரும் பலவீனமாகச் சிரித்து வைத்தார். சிரிப்போடு போனால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. விஷம் இல்லை, சதி இல்லை, பெண்டாட்டிக்குத் தன்மேல் அக்கறை. நாலு நாள் கிண்டல் செய்வார்கள். நாற்காலி தப்பிக்கும்.

மரக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “எத்தனை நாளா இது?” என்று ஐஸிடம் கேட்டார்.

“ரெண்டு வருஷம் ஆகப்போகுது சார்.”

“என் பொண்ணு கல்யாணம் போன வருஷம்.”

சிரிப்பு விட்டுவிட்டுத் தேய்ந்தது. ஒவ்வொருவராக யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் தன் தலைமுடியை அனிச்சையாகத் தொட்டுப் பார்த்தார். மூன்று க்ளாஸ் முடித்தவர் சொன்னார்: “என் தம்பி போனப்போ துக்கம் கேட்க வந்து, ‘அவன் இருந்து என்னத்தைக் கிழிச்சான்’னு சொன்னாரே… அது எப்போ?”

“அது ஆறு மாசம் முன்னாடி சார்” என்றான் ஐஸ். சொல்லியிருக்க வேண்டாம், கேட்டதற்குப் பதில் சொல்லியே பழகிவிட்டான்.

“மேடையில என் பொண்ணு அழுதா” என்றார் மரக்கடைக்காரர். குரலை அவர் உயர்த்தவே இல்லை. “நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன். அங்கிள் குடிச்சிருக்கார்மா, அவர் பேசலை, சரக்கு பேசுதுன்னு. இப்போ சொல்லுங்க தலைவரே. அன்னிக்குப் பேசினது யாரு? டீயா?”

தலைவர் வாயைத் திறந்தார். போதை ஏறியிருந்தது என்று சொல்ல வந்தவர், எதனால் என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் நிறுத்திக்கொண்டார்.

தேர்தலை நடத்த வேண்டியதும் அவர்தான். “வேற யாராவது நிக்கிறீங்களா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டார். பல் டாக்டர் எழுந்திருக்கக்கூடத் தேவைப்படவில்லை. நாலைந்து பேர் அவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். பழைய தலைவருக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னபோது பேராசிரியரின் கை மட்டும் பாதி தூரம் வந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டது. கைதட்டல் ஓய்ந்ததும் பேராசிரியர்தான் முதல் ஆளாகப் போய்ப் புதிய தலைவரின் கையைக் குலுக்கினார். தலைவர் என்கிற சொல்லுக்கே ஒரு நல்ல வரலாறு இருக்கிறது என்று அவர் ஆரம்பித்ததுவரை பழையவர் காதில் விழுந்தது.

வீட்டில் மனைவி மேஜைமேல் போர்வையை விரித்துத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஐஸ் போன் செய்திருக்க வேண்டும். ஏன் சீக்கிரம் வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார்.

“சொன்னா நெசமானதைத் தேடிக்கிட்டுப் போயிருப்பீங்க. ஈரலைப் பத்தி ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது உங்க காதுல விழல. எனக்கு விழுந்துச்சு. மொதல்ல பாதிக்குப் பாதி கலந்தேன். அப்புறம் முக்காவாசி. முழுசா டீயானப்போ நீங்கதான் சொன்னீங்க, பையன் இந்தத் தடவை அனுப்பினது தொண்டையில வழுக்கிக்கிட்டு இறங்குதுன்னு.”

“மானம் போச்சு.”

“உசிரு இருக்குல்ல?”

அவர் மேஜையைச் சுற்றிவந்து அவளுக்கு எதிரே நின்றார். பல் கட்ட எத்தனை தடவை போனாள் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்ததை நினைத்தால் கூச்சமாக இருந்தது. “எல்லாரும் நான் வேணும்னே பேசினேன்னு நினைக்கிறாங்க. சத்தியமா இல்லம்மா. குடிச்சிருக்கேன்னு நம்பித்தான் பேசினேன். தலை சுத்தும், காது சுடும். எல்லாம் நெசம் மாதிரியே இருக்கும். நீயாவது நம்பு.”

அவள் சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

“வீட்டுக்கு வந்தும் பேசுவீங்க. எங்கப்பாவைப் பத்தி. என்னைக் கட்டிக்கிட்டதால உங்க வாழ்க்கை எப்படிப் போச்சுன்னு.”

“அது…”

“அவங்களாவது சரக்குப் பேசுதுன்னு நினைச்சுக் கேட்டுட்டு இருந்தாங்க” என்றாள். “எனக்கு அது டீன்னு தெரியும்.”

இஸ்திரிப் பெட்டி ஈரத் துணியில் பட்டு உஸ்ஸென்றது. அவள் மடித்ததை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அதுவும் அவருடையதுதான்.